செம்பனை காணொளியும் அத்தையின் இரண்டு ஏக்கரும்

ஜொகூர் பக்கம் ஒரு தோட்டத்து ஊரிலிருந்து நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன். "ஐரோப்பாக்காரன் செம்பனை எண்ணெய்க்குத் தடை போட்டுட்டான், அடுத்த மாசத்தோட தோட்டமெல்லாம் மூடுறாங்க" என்று தமிழில் பேசும் காணொளி ஒன்று உங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. அதைப் பார்த்த உங்கள் அத்தை, அதாவது மாமியார், பாமாயில் எடுக்கும் செம்பனை நட்ட இரண்டு ஏக்கர் நிலத்தை வந்த விலைக்குக் கொடுத்துவிடலாம் என்கிறார். வெளிநாட்டிலிருந்து திட்டம் போட்டுப் பரப்பும் பொய்யைத் தாங்கும்படி ஒரு சமுதாயத்தை எப்படித் தயார் செய்வது, கடுமையான சட்டம் இருந்தால் போதாதா, நம்மைப் போன்ற சின்ன ஊரை எவன் குறிவைக்கப் போகிறான் என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் எனக்குக் கேட்பது ஒரே கேள்விதான். ஒரு செய்தி தமிழில் வீட்டுக்குள் வந்துவிட்டால், அது மெய்யா என்று தமிழிலேயே கேட்க உங்கள் ஊரில் யார் இருக்கிறார்கள்?

நான் சுங்கை சிப்புட்காரன். ஒரு தமிழ் நாளிதழின் செய்தி மேசையில் 19 ஆண்டு இருந்தேன். அதை விட்ட பிறகு, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களிலும் கோயில் மண்டபங்களிலும் செய்தியைப் பகுத்துப் பார்க்கும் பயிற்சி நடத்தி வருகிறேன். உளவு, இணையப் பாதுகாப்பு எல்லாம் என் துறை இல்லை. ஒரு காணொளியைப் பார்த்து அதை எந்த நாடு செய்தது என்று என்னால் சொல்ல முடியாது. பார்த்தவுடன் சொல்லிவிடுகிறவர்களை நீங்களும் நம்ப வேண்டாம்.

நிலத்து விஷயம் அவசரம், அதனால் அதை முதலில் முடித்துவிடுகிறேன். செம்பனை எண்ணெய்க்குத் தடை என்று எதுவும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த காடழிப்பு விதிமுறை ஒன்று இருக்கிறது. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காட்டை அழித்த நிலத்தில் விளைந்த பொருளை அங்கே விற்கக்கூடாது, எந்த நிலத்தில் விளைந்தது என்று காட்ட வேண்டும் என்பதுதான் அதன் சாரம். செம்பனையோடு ரப்பர், காப்பி, கொக்கோ, சோயா, மரம், மாடு எல்லாம் அதில் அடக்கம். நடப்புக்கு வரும் நாள் ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போயிருக்கிறது. அத்தையின் நிலம் நெடுநாளாகவே செம்பனை நிலம் என்றால் அந்தக் காடழிப்புத் தேதி அவரைத் தொடாது. ஆனால் நிலம் எங்கே இருக்கிறது, யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் காகித வேலை சிறு தோட்டக்காரர்களுக்குக் கூடும். அது நியாயமான கவலை, அதை மறைக்கக்கூடாது. மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்துக்கு 'துனாஸ்' என்று சிறு தோட்டக்காரர்களுக்கு வழிகாட்டும் அதிகாரிகள் இருக்கிறார்கள். அத்தை பழம் விற்க உரிமம் எடுத்த அதே வாரியம்தான். அவர்களைப் பார்த்துப் பேசும்வரை எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம்.

அந்தச் செய்தி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். விதிமுறை இருப்பது மெய். 'தடை' என்பது திரிப்பு. 'அடுத்த மாசம்' என்பது பொய். மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னால் மெய்யின் முதுகில் ஏறிப் பொய் ஊருக்குள் வந்துவிடும். முழுப் பொய் அவ்வளவு தூரம் போகாது, யாராவது ஒருவர் பிடித்துவிடுவார். பயத்தையும் ஒரு தேதியையும் சேர்த்துக் கட்டினால், யோசிக்க நேரம் கிடைக்காது. நிலத்தைக் குறைந்த விலைக்குக் கேட்டு யாராவது வந்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. வந்திருந்தால், இது ஐரோப்பா விவகாரமே இல்லாமல் உள்ளூர்த் தரகு விவகாரமாகவும் இருக்கலாம்.

சின்ன ஊரை எவன் குறிவைப்பான் என்றீர்கள். அவர்களுக்கு ஊர் தெரிய வேண்டியதில்லை, மொழி தெரிந்தால் போதும். 2014 ஜூலை 17-ஆம் தேதி மலேசியா ஏர்லைன்சின் எம்.எச்.17 விமானம் கிழக்கு உக்ரைன் வானில் சுட்டு வீழ்த்தப்பட்டது. 298 பேர் போனார்கள், அதில் 43 பேர் மலேசியர்கள். அன்று நான் இரவு வேலையில் இருந்தேன். அடுத்த சில வாரங்களில் மேசைக்கு வந்த கதைகளை இன்னும் மறக்கவில்லை. உக்ரைன் போர் விமானம் சுட்டது என்று ஒன்று வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் ரஷ்ய அரசுத் தொலைக்காட்சி ஒரு செயற்கைக்கோள் படத்தைக் காட்டியது, அது போலி என்று சில நாளிலேயே தெரிந்தது. பிறகு, ஏவுகணைதான், ஆனால் உக்ரைன் பக்கமிருந்து வந்தது என்று வேறொன்று. மலேசியாவும் சேர்ந்த ஐந்து நாட்டுக் கூட்டுப் புலனாய்வு, அது ரஷ்யப் படைப்பிரிவு ஒன்றின் 'பூக்' ஏவுகணை என்று நிறுவியது. 2022 நவம்பர் 17-இல் நெதர்லாந்து நீதிமன்றம் மூன்று பேரை, அவர்கள் முன்னிலையில் இல்லாமலேயே, குற்றவாளிகள் என்று தீர்த்தது. ஆனால் அதற்குள் எட்டு ஆண்டு ஓடிவிட்டது. எங்கள் ஊர் மாமாக் கடையில் அந்தப் பேச்சு வந்தாலே, "யாருக்குத் தெரியும்பா, எல்லாப் பயலும் பொய் சொல்றான்" என்பதோடு முடிந்துவிடும். ஒன்றுக்கொன்று முரணான நாலு கதைகளைக் கட்டிவிட்டவர்களுக்கு நாம் அதில் ஒன்றை நம்ப வேண்டும் என்ற கட்டாயமே இல்லை என்பது என் எண்ணம். நாம் சலித்துப்போய் விசாரிப்பதை நிறுத்தினாலே அவர்கள் வேலை முடிந்துவிடும். செத்தவர்களில் நம் நாட்டுப் பிள்ளைகள் இருந்தும் அந்தச் சலிப்பு நமக்கு வந்ததே என்பது இன்றும் எனக்கு வலிக்கிறது.

இந்த வேலை பெரும்பாலும் சின்னப் பத்திரிகை வழியாகவே நுழையும். எய்ட்ஸ் கிருமியை அமெரிக்கா ஆய்வுக்கூடத்தில் தயாரித்தது என்ற பொய் முதன்முதலில் அச்சானது 1983 ஜூலையில், டில்லியில் வெளிவந்த 'பேட்ரியட்' என்ற நாளிதழில், பெயர் போடாத கடிதமாக. சோவியத் உளவுத்துறையின் வேலை அது. 1985-இல் சோவியத் வார இதழ் ஒன்று அந்த இந்தியப் பத்திரிகையையே ஆதாரமாகக் காட்டி அதை மறுபடி எழுதியது, அங்கிருந்து பல மொழிகளில் உலகம் சுற்றியது. ரஷ்ய உளவுத்துறைத் தலைவரே 1992-இல் அதை ஒப்புக்கொண்டார். நான் இருந்த மேசையிலும் கிட்டத்தட்ட அந்த வாசல் திறந்துதான் கிடந்தது. ஆள் குறைவு, பக்கம் அதிகம். ஒரு வெளிநாட்டு நிறுவனம் படத்தோடு, தலைப்போடு, காசில்லாமல் கட்டுரை அனுப்பும். மொழிபெயர்த்துப் போட்டால் அரைப் பக்கம் நிறையும். நானே அப்படிப் பல போட்டிருக்கிறேன். அதில் பொய் இல்லை. அந்த நாட்டுக்குச் சாதகமான உண்மை மட்டும் இருந்தது, பாதகமானது ஒரு வரிகூட இல்லை. வாசகருக்கு அது யார் அனுப்பியது என்று நான் சொல்லவில்லை. அது தவறு, அப்போதே தெரிந்திருக்க வேண்டிய தவறு. நம் நாடும் இதில் கைபடாத நாடு அல்ல. மலேசிய அரசிடம் பணம் வாங்கிய ஒரு நிறுவனம் தயாரித்த நிகழ்ச்சிகளை, செம்பனை பற்றியதையும் சேர்த்து, அது தெரியாமல் ஒளிபரப்பியதற்காக பிபிசி 2012 பிப்ரவரியில் தன் உலகச் செய்தித் தொலைக்காட்சியில் மன்னிப்புக் கேட்டது.

நமக்கு இது புதிதும் அல்ல. என் பாட்டி சொல்லுவார்: ஜப்பான்காரன் காலத்தில் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு வந்து, மூன்று மாதம் சயாமில் (இன்றைய தாய்லாந்து) வேலை, நல்ல சம்பளம், அரிசி உண்டு என்றார்களாம். சொன்னது ஜப்பான்காரன் வாயால் இல்லை, தோட்டத்துக் கிராணி (கணக்கர்) வாயால், தமிழில். பாட்டியின் அண்ணன் போனார், திரும்பவில்லை. 1942 முதல் 1943 வரை சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஜப்பான்காரன் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதை வேலை அது. அங்கே செத்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 12,000-க்கும் மேல், காஞ்சனபுரிக் கல்லறையில் ஆயிரக்கணக்கானோருக்குப் பெயர் பொறித்த கல் இருக்கிறது. ஆசியத் தொழிலாளர்களில் சுமார் 90,000 பேர் என்று சொல்கிறார்கள், அது மதிப்பீடுதான். நம்மவர்களுக்குப் பெயர்ப் பட்டியலே கிடையாது. இதை நான் ஒவ்வொரு பயிற்சியிலும் சொல்வதற்குக் காரணம் உண்டு. 'நம்பிக்கையான ஆளிடம் கேளுங்கள்' என்று கீழே சொல்லப் போகிறேன். அந்தக் கிராணியும் அன்று நம்பிக்கையான ஆள்தான். அவருக்கே உண்மை தெரியாமல் இருந்திருக்கலாம்.

இனி என் முக்கியமான பேச்சுக்கு வருகிறேன். பொய் நம்மிடம் தமிழில் வருகிறது. மறுப்பு மலாயிலோ ஆங்கிலத்திலோ வருகிறது. மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2017-இல் தொடங்கிய, செய்தி மெய்யா என்று சரிபார்க்கும் 'செபெனார்ன்யா' தளம் நல்ல வேலை செய்கிறது, ஆனால் பெரும்பாலும் மலாயில். 2025 ஜனவரியில் அதே ஆணையம் வாட்ஸ்அப்பில் கேள்வி கேட்டால் பதில் சொல்லும் 'ஐஃபா' என்ற செயற்கை நுண்ணறிவு உதவியைக் கொண்டுவந்தது. அது தமிழிலும் பேசுகிறது. வரவேற்கிறேன், எங்கள் பயிற்சியில் பயன்படுத்தியும் காட்டுகிறோம். ஆனால் ஒரு மொழியில் ஆட்கள் அன்றாடம் செய்தி சேகரித்து எழுதாவிட்டால், எந்தக் கருவியும் அந்த மொழிக்காரருக்கு எதை எடுத்துக் கொடுக்கும்? 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-இல் நின்றுபோனது. தோட்டத்தில் கிராணி வீட்டு வாசலிலோ முடிவெட்டும் கடையிலோ ஒருவர் பேப்பர் படிக்கப் பத்துப் பேர் கேட்பார்கள், சந்தேகம் வந்தால் அங்கேயே கேள்வி எழும். தோட்டங்கள் துண்டாகி, மூடி, ஆட்கள் தாமான் எனும் நகர்ப்புறக் குடியிருப்பு வீடுகளுக்குப் பிரிந்தபோது அந்தக் கூட்டுக் காதும் போயிற்று. இப்போது ஒவ்வொருவரும் தனியாக, ராத்திரி பதினொரு மணிக்கு, படுத்துக்கொண்டு போனில் பார்க்கிறார்கள்.

எஸ்தோனியா இதே மாதிரி ஒரு சிக்கலைச் சந்தித்த நாடு. அங்கே ஏறக்குறைய கால்வாசிப் பேருக்கு வீட்டு மொழி ரஷ்யன். 2007-இல் தலைநகரில் சோவியத் போர்வீரர் சிலை ஒன்றை இடம் மாற்றியபோது கலவரம் வெடித்தது, ரஷ்ய மொழியில் பரவிய பொய்ச் செய்திகளும் அதற்கு எண்ணெய் ஊற்றின. அந்த மக்கள் பார்த்தது எல்லாம் எல்லைக்கு அப்பாலிருந்து வந்த தொலைக்காட்சி. 2015-இல்தான் எஸ்தோனியப் பொது ஒலிபரப்பு ரஷ்ய மொழிக்கென்று தனி அலைவரிசை தொடங்கியது. உடனே எல்லாரும் பார்த்துவிடவில்லை. ஆனால் பாடம் தெளிவு: சிறுபான்மை மொழியில் நம்பத்தகுந்த செய்தி கொடுப்பதை அவர்கள் நாட்டுப் பாதுகாப்புச் செலவாகவே பார்த்தார்கள். நம்மிடம் மின்னல் எஃப்.எம். வானொலி இருக்கிறது, அரசு ஒலிபரப்பான ஆர்.டி.எம். தமிழ்ச் செய்தி, அரசுச் செய்தி நிறுவனமான பெர்னாமாவின் தமிழ்ச் செய்தி, மிச்சமிருக்கும் நாளிதழ்கள் இருக்கின்றன. இவற்றை மானியம் கேட்கும் பண்பாட்டு விஷயமாக மட்டும் பேசிப் பழகிவிட்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்று. இடைநிலைப்பள்ளி முதலாம் படிவ மாணவிகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி 2010 முதல் போடப்படுகிறது. அதைப் போட்டால் பிள்ளை பிறக்காது என்று ஒரு குரல் பதிவு எங்கள் பக்கம் சுற்றியது. ஈப்போ ஆஸ்பத்திரியில் வேலை செய்வதாகச் சொல்லும் ஒரு பெண், அழுகிற குரலில். வெள்ளிக்கிழமை பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் முப்பது பெண்கள் இருந்தார்கள். பொய் என்று நான் சொல்லவில்லை. ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு, என்ன கேட்டீர்கள் என்று மட்டும் கேட்டேன். முருங்கைக்கீரைக் கட்டை மடியில் வைத்து ஆய்ந்துகொண்டிருந்த ஓர் அக்கா, "இன்னொரு தடவ போடுங்க சார்" என்றார். இரண்டாம் முறை பாதியில் கையைத் தூக்கினார். "நர்ஸம்மாங்குது சார். நம்ம மிஸ்ஸினுதான சொல்லுவோம்?" பின்னாலிருந்து இன்னொருவர், "ஆமா, சுகாதார நிலையம்ங்குது, நாம கிளினிக்குன்னுதான சொல்லுவோம்" என்றார். மண்டபமே சிரித்தது. ஒரு நிமிடத்துக்கு முன் பயந்து உட்கார்ந்திருந்த அதே மண்டபம். அந்தப் பதிவை யார் செய்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பேச்சு வழக்கு முழு ஆதாரமும் ஆகாது. நம்மிலும் நர்ஸ் என்பவர் உண்டு, இப்போதோ எந்த ஊர்க் குரலையும் கணினி செய்து தரும். அன்று கிடைத்தது வேறு. நான் சொல்லிக் கொடுக்காத ஒன்றை அவர்களே காதால் கண்டுபிடித்தார்கள், அதனால் அது அவர்கள் சொத்தாயிற்று. அடுத்த வாரம் வேறொரு பதிவு வந்தபோது, எனக்கு அனுப்பாமல் அந்த அக்காவுக்குத்தான் அனுப்பிக் கேட்டார்கள்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று பார்த்தால், நான் துணிந்து சொல்லக்கூடியவை சில உண்டு. ஏமாற்றும் உத்தியை முன்கூட்டியே காட்டிவிட்டால் ஆட்கள் அதை எளிதில் அடையாளம் காண்கிறார்கள். அம்மைக்கு முன்னால் ஊசி போடுவது போன்ற இந்த எண்ணத்தை 1960-களிலேயே மெக்குவைர் என்ற உளவியலாளர் சோதித்தார். 2022-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் யூடியூப்பில் ஒன்றரை நிமிடக் காணொளிகளாக அதைப் போட்டுப் பார்த்தார்கள், பலன் இருந்தது. பலன் சிறிது, நாளாக ஆகத் தேயும் என்பதும் அதே துறையினர் ஒப்புக்கொள்வது. பகிரும் வேகத்தைக் குறைப்பதும் உதவுகிறது. 2020 ஏப்ரலில், அதிகம் சுற்றிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரே அரட்டைக்கு மட்டும் அனுப்பலாம் என்று வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியபோது அத்தகைய செய்திகள் 70 விழுக்காடு குறைந்ததாக அந்த நிறுவனமே சொன்னது. பின்லாந்து பள்ளிப் பாடங்களுக்குள் செய்திப் பகுப்பைக் கலந்துவிட்டது. சுவீடன் 2018-இல் வீடு வீடாக அனுப்பிய நெருக்கடிக் கையேட்டில் பொய்ச் செய்தி பற்றியும் எழுதியது, 2022-இல் உளவியல் தற்காப்புக்கென்றே தனி அமைப்பு தொடங்கியது. அவர்கள் உறுதியாக நிற்பதற்கு இவை எவ்வளவு காரணம், குடிமக்கள் அரசின்மேல் ஏற்கெனவே வைத்திருந்த நம்பிக்கை எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்வது கடினம். வெளிநாட்டுப் பிரசாரம் ஒரு தேர்தலில் எத்தனை வாக்குகளை மாற்றியது என்று அடித்துச் சொல்பவர்களையும் நான் தயக்கத்தோடுதான் கேட்பேன். ருமேனியாவில் 2024 டிசம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அதிபர் தேர்தலின் முதல் சுற்றையே ரத்து செய்தது. அது சரியா என்று அந்நாட்டு மக்களே இன்னும் வாதிடுகிறார்கள்.

நான் கண்ணால் கண்ட ஆபத்து ஒன்றும் உண்டு. ஆரம்ப ஆண்டுகளில் என் பயிற்சி முழுக்கப் போலிகளாகவே இருந்தது. போலிப் படம், போலித் தலைப்பு, போலிக் குரல். ஒரு நாள் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனிடம் சுகாதார அமைச்சின் டெங்கி அறிவிப்பைக் காட்டி, இது எப்படி என்றேன். "பொய் சார். எல்லாமே பொய்தான் சார்" என்றான், சரியான விடை சொன்ன மகிழ்ச்சியோடு. அவன் கற்றது நான் கற்றுக் கொடுத்ததைத்தான். அன்றிலிருந்து பாதிக்குப் பாதி மெய்யான செய்தியைக் கலந்துவிடுகிறேன். அது ஏன் மெய், யார் போய் விசாரித்தார்கள், தவறினால் யார் பொறுப்பு என்று பேசுவதற்கே அதிக நேரம் போகிறது. சந்தேகப்படக் கற்றுக்கொடுப்பது சுலபம். எதை நம்பலாம் என்று கற்றுக்கொடுப்பதுதான் நாள் பிடிக்கிற வேலை.

சட்டம் பற்றிய கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாம் அதைச் செய்து பார்த்துவிட்டோம். 2018 ஏப்ரலில் பொய்ச் செய்தித் தடைச் சட்டம் வந்தது, ஆறு ஆண்டு வரை சிறை. அதன்கீழ் முதலில் தண்டிக்கப்பட்டவர், காவல்துறை தாமதமாக வந்தது என்று காணொளி போட்ட ஒரு வெளிநாட்டுப் பயணி. எந்தப் பிரசார வலையும் பிடிபடவில்லை. 2019-இல் நாடாளுமன்றம் அதை நீக்கியது, 2021-இல் கொவிட் அவசரகாலத்தில் ஓர் அவசரச் சட்டமாக வேறு உருவில் வந்து போனது. உங்கள் அத்தையை ஏமாற்றி நிலம் பறிப்பவனுக்கும், ஐசி (அடையாள அட்டை) எண்ணையும் வங்கி எண்ணையும் கேட்டுத் திருடுபவனுக்கும் சட்டம் கட்டாயம் வேண்டும். தளங்கள் பணம் வாங்கிப் பரப்பும் விளம்பரத்துக்கும் வேண்டும். ஆனால் எது உண்மை என்று முடிவு செய்யும் அதிகாரத்தை ஆட்சியில் இருப்பவர் கையில் கொடுத்தால், வீட்டுக்குள் வந்த தமிழ்க் காணொளிக்கு அது ஒரு பதிலும் சொல்லாது. பயந்தவர்கள் குழுவில் பேசுவதை நிறுத்திவிட்டுத் தனித்தனியாகப் பகிர்வார்கள். அதுதான் நமக்குத் தெரியவே வராத இடம்.

உங்கள் ஊருக்கு நான் சொல்வது இதுதான். குழு நடத்துகிற நாலைந்து பேர் ஒவ்வொரு ஊரிலும் இருப்பார்கள்: கோயில் செயலாளர், பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர், இறப்பு நன்கொடைச் சங்கக்காரர், மகளிர் பிரிவு அக்கா. இவர்களை ஒரு மாலை உட்கார வையுங்கள். கிளினிக்கில் வேலை செய்யும் தமிழ் மிஸ்ஸி ஒருவர், மலாய் அறிவிப்பை வாசித்துச் சொல்லும் ஆசிரியர் ஒருவர், துனாஸ் அதிகாரி என்று மூன்று தொடர்பு எண்களை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பயம் வருவதற்கு முன்னால் வாங்க வேண்டும். ஒருவரையே நம்பாமல் மூன்று பேராக இருக்கட்டும் என்பதற்குத்தான் அந்தக் கிராணி கதையைச் சொன்னேன். விசாரித்த பதிலைத் தமிழில் ஒரு நிமிடக் குரல் பதிவாக, தெரிந்த குரலில், குழுவில் போடுங்கள். தெரியாததைத் 'தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறோம்' என்றே போடுங்கள். அடுத்த முறை 'தெரியும்' என்று நீங்கள் சொல்லும்போது அதற்கு மதிப்பு இருக்கும்.

அத்தையிடம் குழுவில் எதையும் மறுத்து எழுதாதீர்கள். நாலு பேர் பார்க்க மருமகள் திருத்தினாள் என்றாகிவிட்டால் நிலம் விற்றே தீரும். சாயங்காலம் தேத்தண்ணி போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். அந்தக் காணொளியை அவர் போனிலேயே, அவரையே போடச் சொல்லுங்கள். அதில் பேசுகிறவர் செம்பனை என்கிறாரா, பாமாயில் மரம் என்கிறாரா என்று அத்தையிடம் கேளுங்கள். விலையை வெள்ளியில் (ரிங்கிட்டில்) சொல்கிறாரா, அடுத்த மாதம் என்பது எந்த ஆண்டின் அடுத்த மாதம், இதை அத்தைக்கு அனுப்பியவருக்கு யார் அனுப்பினார்கள் என்றும் கேளுங்கள். பதில் அவர் வாயிலிருந்து வரட்டும். பிறகு நிலப் பத்திரத்தையும் உரிமத்தையும் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் சேர்ந்தே துனாஸ் அதிகாரியைப் போய்ப் பாருங்கள், அத்தையே பேசட்டும். அவர் என்ன சொன்னார் என்று இங்கே வந்து எழுதினால், இதே காணொளியைப் பார்த்துப் பயந்திருக்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் அதை வாசித்துக் காட்டுவேன்.